லயன் என்றால் சிங்கம் இல்லை

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு வேலை வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வீடு, குடிநீர், மலசலகூடம் பற்றிய ஆங்கில அறிக்கை, 42 பக்கம், பத்து நாளில் தமிழாக்கிக் கொடுக்க வேண்டும். எனக்கு இது புதிதில்லை, இந்த மாதிரி அறிக்கைகளில்தான் என் வாடகை ஓடுகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் நான் இருக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, அதைத் தாண்டினால் கடல். உப்புக்காற்றில் லெப்டொப் கீபோர்ட் எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். தேத்தண்ணியும் கையுமாக உட்கார்ந்தேன். முதல் பக்கத்தை முடிப்பதற்குள் ஒரு சொல் வழியை மறித்துக்கொண்டு நின்றது. லைன்.

முதல் பந்தியில் லைன் ரூம். அதே பந்தியின் கடைசியில் லைன் மினிஸ்ட்ரி. அடுத்த பக்கத்தில் பேஸ்லைன் சர்வே, டைம்லைன். தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் பைப்லைன், அப்புறம் பட்ஜெட் லைன், முடிவுரையில் பொட்டம் லைன். தேடிப் பார்த்தால் தனியாகவும் மற்றச் சொற்களோடு ஒட்டிக்கொண்டும் எல்லாமாக 64 இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியவர் ஒரே சாவியை வைத்து ஏழு வீட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மடியைத் தடவிக்கொண்டிருக்கிறேன்.

சோம்பல்பட்டு முதல் பந்தியை மெஷினிடம் கொடுத்தேன். 'வரி அறைகளில் வசிக்கும் குடும்பங்கள்' என்று திருப்பித் தந்தது. வரி அறை! 18 வீதம் வற் வரி கட்டுகிற நாட்டில் அப்படி ஒரு அறை இருந்தாலும் இருக்கும். ஆனால் மெஷினைக் குறை சொல்லி என்ன, தாளில் போடும் கோடும் வரி, பாட்டில் வருவதும் வரி, வரிக்குதிரையின் முதுகில் இருப்பதும் வரி, அரசாங்கம் பிடுங்குவதும் வரி. நம்முடைய சொல்லும் லேசுப்பட்டதில்லை.

மனிதர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். சில வருடத்துக்கு முன் சென்னையில் இருக்கும் ஒரு நண்பருக்கு நான் எழுதிய எதையோ அனுப்பினேன். 'நான் பிறந்தது லயன் வீட்டில்' என்று அதில் ஒரு வரி. அவர் மிகுந்த மரியாதையோடு, "லயன்னா... குடும்பப் பெயரா சார்? சிங்கமா?" என்று கேட்டார். சிங்கம்தான், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கூண்டில் என்று சொல்லியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை, இப்போதுதான் தோன்றுகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லயன் என்பது லைன்தான். வெள்ளைக்காரர்கள் பட்டாளத்துக்கு வரிசை வரிசையாகக் கட்டிய குடியிருப்பை லைன்ஸ் என்றார்கள். இங்கே மலையில் காடழித்துக் கோப்பி போட்ட காலத்தில், தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களைக் குடிவைக்கக் கட்டிய வரிசைகளுக்கும் அந்தப் பெயரே வந்தது. கோப்பி நோய் வந்து அழிந்தது, தேயிலை வந்தது, லயன் மட்டும் அப்படியே இருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பிரா (அறை), முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு (வராந்தா), அப்படி ஆறு, பத்து, பன்னிரண்டு காம்பிரா ஒரே கூரைக்குக் கீழே, சில இடத்தில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முவார்கள். வேடிக்கை என்னவென்றால், டில்லியிலும் சிவில் லைன்ஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது, அது வெள்ளைக்கார அதிகாரிகளின் பங்களாக்கள் இருந்த இடம், இன்றைக்கும் காசுள்ளவர்களின் பகுதி. அதே சொல்தான். டில்லியில் இறங்கினால் பங்களா, ஹட்டனில் இறங்கினால் காம்பிரா.

எங்கள் ஆட்கள் லயன் என்றும் சொல்வார்கள், லயம் என்றும் சொல்வார்கள். லயம் என்று எழுதினால் சங்கீதம் மாதிரி இருக்கிறது. எங்கள் பெரியப்பா ஒருவருக்கு நாக்கில் எப்போதும் ஒரு ஊசி இருக்கும். "குதிரைக்குக் கட்டினா லாயம். அதுல ஒரு கால ஒடைச்சுட்டு நமக்குக் குடுத்தான், லயமாயிருச்சு" என்பார். எழுத்தில் துணைக்கால் போனதைச் சொல்கிறார். இதை ஆங்கிலத்தில் யாராவது மொழிபெயர்த்துக் காட்டட்டும், நான் என் தொழிலை விட்டுவிடுகிறேன்.

ஆக ஒரே ஆங்கிலச் சொல் எங்களிடம் இரண்டு தடவை வந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் காது வழியாக வந்தது லயன். அப்புறம் தந்தி, ரயில், டெலிபோன், பள்ளிக்கூடம் என்று வந்தது லைன். இரண்டும் ஒரே ஆள் என்று தோட்டத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கே இந்த அறிக்கை மேசைக்கு வரும்வரை சரியாக உறைக்கவில்லை.

சரி, இந்தச் சொல்லின் பூர்வீகம் என்ன என்று தோண்டினேன். (இதற்கு யாரும் எனக்குக் காசு தருவதில்லை. டெட்லைன் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.) லத்தீனில் லீனும் என்றால் ஆளிச் செடி. அதன் நாரைத் திரித்து எடுத்த நூலுக்கு லீனேயா என்று பெயர். அங்கிருந்துதான் லைன். ஆளி நாரில் நெய்த துணி லினன். அந்தத் துணியைக் கோட்டுக்கு உள்ளே கொடுத்துத் தைத்ததால் லைனிங். ஆளி விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் லின்சீட் ஒயில். அந்த எண்ணெயை வைத்துத் தயாரித்த தரை விரிப்பு லினோலியம். எல்லாம் ஒரே குடும்பம். அதாவது லைன் முதலில் கோடே இல்லை, கையில் பிடித்து இழுக்கக்கூடிய ஒரு நூல்.

இதைப் படித்ததும் எனக்கு அப்பாவின் பெட்டி ஞாபகம் வந்தது.

அப்பா தோட்டத்தில் தச்சு வேலை பார்த்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. இது ஆபீஸ் பாஸ் இல்லை, சிங்களத்தில் மேசனையும் தச்சரையும் கூப்பிடும் பாஸ், ஒல்லாந்தர் விட்டுப் போன சொல். (ஆபீஸ் பாஸும் அதே ஒல்லாந்துச் சொல்லிலிருந்து அமெரிக்கா வழியாகச் சுற்றி வந்ததுதான். இந்தப் பக்கம் வந்தவர் கையில் உளி, அந்தப் பக்கம் போனவர் கையில் அடுத்தவன் சம்பளம்.) லயன் கூரைகளில் மரம் உக்கினால், கதவு தொங்கினால் அப்பாவுக்குத்தான் ஆள் வரும். பள்ளி இல்லாத நாளில் நான் கூடப் போவேன், என் வேலை நூல் பிடிப்பது.

நூல் அடிக்கிறது என்று அதற்குப் பெயர். பழைய டோர்ச் பெட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் கறுப்புப் பொடியை ஒரு தகர மூடியில் தண்ணீர் விட்டுக் குழைப்பார். பருத்தி நூலை அதில் நனைத்து, பலகையின் ஒரு முனையில் என் கட்டைவிரலுக்குக் கீழே கொடுப்பார். மறுமுனையை அவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இழுத்துப் புடி, தொய்ஞ்சுச்சுன்னா பலகையும் தொய்யும்" என்பார். நூல் விறைப்பாகிச் சின்னதாக அதிரும். அப்போது நடுவில் இரண்டு விரலால் அதைத் தூக்கிப் படீரென்று விடுவார். பலகையில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு கறுப்புக் கோடு, இரண்டு பக்கமும் பொடிப் பொடியாகத் தெறித்த புள்ளிகளோடு. நூலை எடுத்துவிடுவோம், கோடு நிற்கும். வாள் அந்தக் கோட்டிலேயே போகும். என் கட்டைவிரல் நகத்துக்குள் அந்தக் கறுப்பு திங்கட்கிழமை வரைக்கும் இருக்கும், டீச்சர் நகம் பார்க்கும்போது அடி விழும்.

அந்தப் பெட்டியில் நூல் உருண்டைக்குப் பக்கத்தில் ஒரு லின்சீட் ஒயில் போத்தல் இருந்தது, கதவுக்குப் பூச. லைனும் லின்சீடும் ஒரே செடியின் பிள்ளைகள் என்பது அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, இரண்டும் ஒரே பெட்டியில் உருண்டுகொண்டிருந்தன.

இன்னொன்றும் இருக்கிறது. ஏ.எல். என்ற உயர்தர வகுப்பில் தமிழ் எடுத்தபோது நன்னூல் பாயிரத்தை மனப்பாடம் செய்தேன், புரிந்துகொண்டேன் என்று சொல்லமாட்டேன். பவணந்தி முனிவர், 13ஆம் நூற்றாண்டு. புத்தகத்துக்கு நூல் என்று ஏன் பெயர் வந்தது என்று அவர் இரண்டு காரணம் சொல்கிறார். முதலாவது எல்லோரும் சொல்வது, பஞ்சிலிருந்து நூல் நூற்பது போலச் சொல்லிலிருந்து நூல் உண்டாகிறது, புலவன்தான் நூற்கிறவள், வாய்தான் கை, அறிவுதான் கதிர். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் தீர்ப்பதுபோல மனிதர் மனத்தின் கோணலைத் தீர்ப்பது நூல் என்கிறார். தச்சனின் நூல்! எங்கள் அப்பா டோர்ச் பெட்டரிக் கறுப்பில் நனைத்தாரே, அதே நூல். வகுப்பில் இதை விளக்கிய சேர் எங்களில் யாராவது நூல் அடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு நான் ஒருவன் கை தூக்கியிருப்பேன்.

ஆக ஐரோப்பாவில் ஆளி நார் நடந்த பாதையில்தான் இங்கே பருத்தி நூலும் நடந்திருக்கிறது. முதலில் நூல், அப்புறம் நேராக இருப்பது, அப்புறம் எழுத்து. ஆங்கிலக்காரனுக்கு லைன் என்றால் பாட்டின் ஒரு அடி, நமக்கு நூல் என்றால் முழுப் புத்தகம். நாம் கொஞ்சம் தாராளம். நேராக இருப்பதை நூல் பிடித்தாற்போல என்கிறோம். ஒரு பெண்ணின் மனதை அறிய ஆழம் பார்ப்பதை நூல் விடுறது என்பார்கள், அதையே லைன் போடுறது என்றும் சொல்வார்கள். யாரும் அகராதி பார்த்து இந்தப் பொருத்தத்தைச் செய்யவில்லை. கடற்கரைப் பாறைகளில் மீன் பிடிக்கத் தங்கூசியை வீசிவிட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் இரண்டு பேச்சும் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அளவிலும் இப்படித்தான். அப்பாவுக்கு ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. புறக்கோட்டை ஹார்ட்வெயார் கடையில் இன்றைக்கும் நாலு நூல் என்றால் அரை அங்குலம். ஆங்கிலத்தில் லைன் என்றும் ஒரு அளவு இருந்தது, அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அது செத்துப்போன அளவு என்றுதான் நினைத்திருந்தேன். என் சித்தப்பா மகள் சொல்லித்தான் தெரியும், அந்தப் பெயர் பட்டனில் வேறொரு அளவாக இன்னும் உயிரோடு இருக்கிறது.

அவள் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் ஒரு கார்மன்ட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். 1978இல் தொடங்கிய வலயம் அது, மலைநாட்டிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் அங்கே வந்து போடிங்கில் தங்கி வேலை செய்திருக்கிறார்கள். இவள் ஹெல்பராகச் சேர்ந்து, மெஷின் பழகி, இப்போது லைன் லீடர். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளிடம் என் சட்டைப் பட்டன் ஒன்று போய்விட்டது என்று கொடுத்தேன். கையில் எடுத்துப் பார்த்த உடனே, "இது 18 எல் அண்ணே" என்றாள். எல் என்றால் என்ன? லீன் என்றாள். பிரெஞ்சில் லைனுக்கு அதுதான் பெயர். ஒரு அங்குலத்துக்கு 40 லீன். அப்படியென்றால் 18 எல் பட்டன் அரை அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஆண்கள் சட்டையின் முன்பக்கப் பட்டன் பெரும்பாலும் அந்த அளவுதான். ஆளி நாரின் பெயர் என் நெஞ்சில் ஏழு இடத்தில் தைத்துக் கிடக்கிறது, நான் அகராதியில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவளுடைய லைன் வேறு மாதிரி. மெஷின்கள் வரிசையாக இருக்கும், ஒரு சட்டையை யாரும் முழுதாகத் தைப்பதில்லை. ஒருத்தி கொலர், ஒருத்தி கஃப், ஒருத்தி பொக்கெட், ஒருத்தி கை பூட்டுவது. துண்டுகள் கட்டுக்கட்டாக ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் சட்டையாக வெளியே வரும். "இதுல வேகமானவளால ஒண்ணும் ஆகாதுண்ணே, ஆக மெதுவா தைக்கிறவதான் லைனோட ஸ்பீடு" என்றாள். கொலர் தைக்கிறவளுக்கு ஒரு நிமிடம் கூடப் பிடித்தால் அவள் மேசையில் கட்டுகள் மலையாகும், அடுத்த மெஷின்காரி சும்மா உட்கார்ந்திருப்பாள், பின்னாலிருந்து டார்கெட் கேட்டுச் சத்தம் வரும். அங்கே ஓடிப் போய், இன்னொருத்தியைத் தூக்கி அந்த இடத்தில் போட்டு, கட்டைப் பிரித்துக் கொடுத்து, குவியலைக் கரைப்பதுதான் லைன் லீடரின் வேலை, லைன் பாலன்ஸ் பண்றது என்கிறார்கள். சொல்லிக்கொண்டே பட்டனைத் தைத்து முடித்துப் பல்லால் நூலை அறுத்தாள். "லயன்ல பொறந்து லைன்ல நிக்கிறேன், என்னா ஒரு முன்னேற்றம்" என்று சிரித்தாள். பார்த்தீர்களா, நான் நாள் கணக்காக மண்டையை உடைத்துக் கண்டுபிடித்ததை அவள் ஒரு பட்டன் தைக்கும் நேரத்தில் சொல்லிவிட்டாள். இரண்டும் ஒரே சொல் என்பது தோட்டத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை என்று மேலே எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இதற்குப் பிறகு எனக்கு எங்கே பார்த்தாலும் நூலாகவே தெரிந்தது. கிரிக்கெட் போய்க்கொண்டிருந்தது, எல்பிடபிள்யூ ரிவியூ. லெக் ஸ்டம்புக்கு வெளியே பந்து குத்தினால் அவுட் கிடையாது, அதனால் குத்தின இடம் இன் லைனா என்று முதலில் பார்க்கிறார்கள். இரண்டு விக்கெட்டுக்கும் நடுவில் புல்லில் அப்படி ஒரு கோடு யாரும் போடுவதில்லை. டிவிக்காரன்தான் நிறம் பூசிக் காட்டுகிறான். டிவி வருவதற்கு முன்னால் அம்பயர் கண்ணாலேயே ஒரு நூலை இந்த ஸ்டம்பிலிருந்து அந்த ஸ்டம்புக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முரளி 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு நிறுத்தினார். அவருடைய பந்து அந்த நூலுக்கு எவ்வளவோ வெளியே குத்தி உள்ளே திரும்பும், எந்த அம்பயருக்கும் நூல் பிடிப்பது லேசாக இருந்திருக்காது.

ஆனால் எல்லா லைனும் நூல் இல்லை. அதுவும் சொல்ல வேண்டும். வானியலில் ஸ்பெக்ட்ரல் லைன் என்கிறார்கள். ஒளியைப் பிரித்துப் பார்த்தால் வானவில்லுக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள், ஒவ்வொரு மூலகத்துக்கும் அதனதன் கோடு. காலி வீதியில் முன்பு எரிந்த அந்த மஞ்சள் சோடியம் விளக்குக்கு 589 நனோமீற்றர் பக்கத்தில் ஒட்டி ஒட்டி இரண்டு கோடு. 1868இல் ஒரு சூரிய கிரகணத்தின்போது ஆந்திராவின் குண்டூரிலிருந்து பார்த்த பிரெஞ்சுக்காரர் ஜான்சன் சூரியனில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார், அது சோடியத்தின் கோடுகளுக்குப் பக்கத்தில் இருந்தது, ஆனால் சோடியம் இல்லை. அப்படித்தான் ஹீலியம் வந்தது, பூமியில் கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே சூரியனில். சரி, இந்தக் கோடு ஏன் கோடாக இருக்கிறது? ஒளி உள்ளே வருவதற்குக் கருவியில் ஒரு ஒடுங்கிய நீளமான பிளவு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கோடு என்று தெரிவது அந்தப் பிளவின் பிம்பம். ஒரு ஊசித் துளை வைத்திருந்தால் புள்ளி புள்ளியாகத் தெரிந்திருக்கும், ஸ்பெக்ட்ரல் டொட் என்று படித்திருப்போம். கதவு இடுக்கின் வடிவத்தைச் சூரியனின் மேல் ஏற்றி விட்டார்கள்.

டெட்லைன் இன்னும் மோசம். பத்து நாள், எட்டு நாள் என்று நாம் சொல்லிக்கொள்ளும் சொல், அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜோர்ஜியாவில் இருந்த ஆண்டர்சன்வில் கைதி முகாமிலிருந்து வருகிறது. 1864. முகாம் மதிலுக்கு உள்பக்கம் கொஞ்சம் தள்ளி, ஒரு தாழ்ந்த மரச்சட்ட வேலி. அதைத் தாண்டினால் மேலே நிற்கும் காவல்காரன் சுடலாம், கேள்வி கிடையாது. அதுதான் டெட் லைன். போர் முடிந்ததும் முகாமின் தளபதியை விசாரித்துத் தூக்கில் போட்டார்கள். பிற்பாடுதான் அது பத்திரிகை ஆபீசுக்குள் வந்து, என் இன்பொக்சுக்கும் வந்தது. எனக்கு வேலை தந்த இடத்திலிருந்து ஏழாம் நாள் 'டெட்லைன் ஞாபகம் இருக்கிறதுதானே' என்று ஒரு மெயில், கடைசியில் சிரிக்கிற மூஞ்சி.

ரயில்காரர்களின் லைன் எனக்குப் பிடித்தமானது. கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரைக்கும் 1864இல் முதல் பாதை ஓடியது, அதுதான் மெயின் லைன், பிறகு மலையேறி 1924இல் பதுளை போய்ச் சேர்ந்தது. என் ஜன்னலுக்குக் கீழே போவது கோஸ்ட் லைன். மலையில் ஒற்றைத் தண்டவாளம் என்பதால் ஒரு நேரத்தில் ஒரு கோச்சிதான் அந்தத் துண்டில் இருக்கலாம். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் 'லைன் கிளியர்' கொடுத்தால்தான் டப்லட் என்ற உலோக வட்டு பெட்டியிலிருந்து வெளியே வரும். அதைப் பெரிய வளையத்தில் மாட்டிய பையில் போட்டு டிரைவரிடம் கொடுப்பார்கள், அது கையில் இல்லாமல் வண்டி போகாது. சின்ன வயதில் ஹட்டன் ஸ்டேஷனில் அந்த வளையம் கைமாறுவதைப் பார்ப்பதற்கென்றே முன்பெட்டிப் பக்கம் ஓடியிருக்கிறேன். வீட்டில் அப்பா தூங்கிவிட்டார், இனி டிவி போடலாம் என்பதற்கு எங்கள் வீட்டில் லைன் கிளியர் என்போம்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ விட்டுவிட முடியாது. பெற்றோலுக்கு ஒரு லைன், காஸுக்கு ஒரு லைன், மண்ணெண்ணெய்க்கு ஒரு லைன், கரண்ட் லைனில் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் வெறும் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டி வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். அந்த நாட்களில் எல்லோர் வாயிலும் இருந்தது கிரெடிட் லைன். இந்தியா எரிபொருளுக்கு 50 கோடி டொலர், உணவுக்கும் மருந்துக்கும் 100 கோடி டொலர் என்று கடனாகக் கொடுத்தது. பக்கத்தில் நின்ற ஒரு ஐயா, "தம்பி, அவங்க லைன் குடுத்தாத்தான் நம்ம லைன் நகரும்" என்றார். பொருளாதாரம் படித்தவர்கள் டிவியில் ஒரு மணி நேரம் சொன்னதைவிட எனக்கு அது விளங்கியது.

இவ்வளவும் சுற்றிவிட்டு அறிக்கைக்குத் திரும்பினேன், எட்டாம் நாள். லைன் மினிஸ்ட்ரிதான் அதிகம் படுத்தியது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு மாகாண சபைகள் வந்தன, ஒரே விடயத்துக்கு மாகாணத்தில் ஒரு அமைச்சு, கொழும்பில் ஒரு அமைச்சு. இந்தக் கொழும்பு அமைச்சைத்தான் லைன் மினிஸ்ட்ரி என்கிறார்கள், மேலிருந்து கீழே ஆணை வருகிற வழியைச் சொல்லும் லைன். இதை ஒருவர் 'வரிசை அமைச்சு' என்று எழுதிப் பார்த்திருக்கிறேன், கியூவில் நிற்பதற்கென்று ஓர் அமைச்சு போல. நான் மத்திய அமைச்சு என்று போட்டேன். பேஸ்லைன் சர்வேயைத் தொடக்கநிலை ஆய்வு ஆக்கினேன், டைம்லைன் காலத்திட்டம், பைப்லைன் தண்ணீர்க் குழாய், பட்ஜெட் லைன் செலவுத் தலைப்பு. பொட்டம் லைன் 'சுருக்கமாகச் சொன்னால்' ஆகிவிட்டது. ஒரு இடத்திலும் கோடு வரவில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான், நம்முடைய கோடு என்ற சொல்லுக்குள்ளேயே வளைவு இருக்கிறது. கோடுதல் என்றால் கோணுதல், குறளில் தராசுக் கோலைச் சொல்லும் இடத்தில் வருகிற கோடாமை அதுதான். அதனால்தான் நேர்கோடு என்று நேரைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. இழுத்துப் பிடித்த நூலிலிருந்து வந்த லைனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

லைன் ரூமை மட்டும் லயன் காம்பிரா என்றே விட்டேன். திருப்பி வந்த பிரதியில் யாரோ ஒருவர் எல்லா இடத்திலும் அதை 'வரிசைக் குடியிருப்பு அலகு' என்று மாற்றி, பக்கத்தில் 'தூய தமிழில் இருந்தால் நல்லது' என்று குறிப்பு எழுதியிருந்தார். அலகு! பறவைக்குக் கொடுக்கலாம். லயன் இரண்டு நூற்றாண்டுக்குக் கிட்டவாக எங்கள் ஆட்கள் வாயில் இருக்கிற சொல், அதில் பிறந்து அதில் செத்தவர்களின் சொல், இதற்கு மேல் என்ன தமிழ் வேண்டும் என்று நீளமாக ஒரு பதில் எழுதினேன், அதில் பாதியை அழித்துவிட்டு அனுப்பினேன், 27 இடத்திலும் பழையபடி மாற்றினேன். காம்பிரா போர்த்துக்கேயச் சொல் என்பதை வேண்டுமென்றே சொல்லவில்லை, அதையும் தூக்கிவிடுவார்கள்.

ஒத்துக்கொண்டார்கள். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. பில் அனுப்பி நாலு வாரம் ஆகிறது. நேற்று போன் எடுத்துக் கேட்டேன். கொஞ்சம் லைனில் இருக்கச் சொன்னார்கள், சங்கீதம் போட்டார்கள், பிறகு ஒரு பிள்ளை வந்து மிகவும் அன்பாக, "உங்கட பேமண்ட் பைப்லைன்ல இருக்கு அண்ணா" என்றது.